இருபது பேர்ச் காணியில் ஓர் ஆடுகளம்: ஊர் கூடிக் கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்குளியில் எங்கள் ஒழுங்கையின் முடிவில் இன்று கூரையோடு ஓர் ஆடுகளம் நிற்கிறது. கரப்பந்து, பூப்பந்து, வலைப்பந்துப் பயிற்சி மூன்றும் அங்கே நடக்கின்றன. அரச நிதியோ பெரிய கம்பனியின் அன்பளிப்போ அதில் இல்லை. துறைமுகத் தொழிலாளர்கள், புறக்கோட்டைக் கடைச் சிப்பந்திகள், முச்சக்கர வண்டி ஓட்டுநர்கள், வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கும் பெண்கள் என்று நூற்றிருபது குடும்பங்கள் சேர்ந்து, ஆறு வருடங்களில் பகுதி பகுதியாகக் கட்டினோம். அந்த ஆறு வருடமும் நான் பொருளாளராக இருந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்தும் கிராண்ட்பாஸிலிருந்தும் தெமட்டகொடையிலிருந்தும் இப்போது ஆட்கள் கொப்பியும் பேனாவுமாக வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன், எங்கள் பிழைகளையும் சேர்த்து.

முதல் வேலை: நேர அட்டவணை

சீமெந்து விலை விசாரிக்கும் முன் இதைச் செய்யுங்கள். எங்கள் முதற்கூட்டம் கோயில் மடத்தில் நடந்தது. எத்தனை மூட்டை, எத்தனை கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) மணல், யாருடைய மச்சான் கொங்கிறீட் மிக்சர் வைத்திருக்கிறார் என்று ஒரு மணித்தியாலம் பேச்சு சூடாகப் போனது. வாசலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து, "எல்லாம் சரி தம்பி, தளம் போட்டு முடிந்ததும் என் பேத்தி எத்தனை மணிக்கு விளையாடுவாள்?" என்று கேட்டார். ஒருவரிடமும் பதில் இல்லை. அந்தக் காணி வெறும் மண்ணாகக் கிடந்த காலத்தில் பின்னேரம் ஐந்து மணி முதல் இருட்டும் வரை பையன்கள்தான் ஆடினார்கள். பெண் பிள்ளைகள் படிக்கட்டில் இருந்து பார்த்தார்கள். உச்சி வெயிலில் இரண்டு மணிக்குக் காணி காலியாக இருக்கும்போது மட்டும் பந்தெடுத்தார்கள். அதே வழக்கத்தோடு தளம் போட்டிருந்தால், ஊர்க் காசில் பையன்களுக்கு மட்டும் ஓர் ஆடுகளம் கட்டியிருப்போம்.

அன்றைக்கே ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கட்டம் போட்டோம். முதலில் குறித்தது டியூஷன் நேரங்களை. கொழும்பில் ஒரு பிள்ளையின் மாலைப் பொழுதைத் தீர்மானிப்பது அதுதான். சாதாரண தர வகுப்புகள் எந்த நாளில், எத்தனை மணிக்கு விடுகின்றன என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினோம். மீதியாக இருந்த நேரத்தைப் பங்கிட்டோம். செவ்வாய், வியாழன், சனி நாலரை முதல் ஆறரை வரை பெண் பிள்ளைகளுக்கு. திங்கள், புதன், வெள்ளி அதே நேரம் பையன்களுக்கு. விடியற்காலை நடைப்பயிற்சிக்கு வரும் முதியவர்களுக்கு. இரவு ஏழரைக்குப் பின் வேலையால் வரும் பெரியவர்களுக்கு. ஞாயிறு காலை பத்து வயதுக்குக் குறைந்த சின்னவர்களுக்கு. இதைச் சங்க யாப்போடு இணைத்து, வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் கையுயர்த்தினால்தான் மாற்றலாம் என்று எழுதி வைத்தோம். பிறகு நன்கொடை கேட்டு எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த அட்டையைத்தான் முதலில் நீட்டினேன். பெண் பிள்ளைகளின் தாய்மார் கொடுத்த காசுதான் எங்கள் தளத்தின் முதல் பட்டை.

என் தங்கையின் கணவர் கனடாவில், சஸ்கச்சுவான் மாகாணத்தில் ஒரு சிறிய ஊரில் வேலை செய்கிறார். சில நூறு பேர் மட்டுமே வாழும் அப்படிப்பட்ட ஊர்கள் பலவற்றில் மக்களே கட்டி மக்களே நடத்தும் ஐஸ் அரங்கு இருக்கிறது. அந்தக் குளிரில் இயற்கையாக உறையும் நீரை நம்பித் திறந்த வெளியில் தொடங்குவார்கள். காசு சேர்ந்ததும் மேலே கொட்டகை. பல வருடம் கழித்துத்தான் தரைக்குள் குழாய் பதித்து உப்புக் கரைசலைக் குளிர வைத்து ஓடவிடும் இயந்திரம். ஐஸை ஒரேயடியாக ஊற்றி உறைய வைக்க முடியாது. மெல்லிய படையாக நீர் தெளித்து, அது உறைந்த பின் அடுத்த படை என்று பல தடவை செய்தால்தான் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்புக்கு உறுதியான தளம் கிடைக்கும். இதையெல்லாம் அவர் தொலைபேசியில் விவரித்தபோது எனக்குப் பிடித்துக்கொண்டது வேறொன்று. அவருடைய ஊர் அரங்கின் கதவில் பெரிய தாள் ஒன்று ஒட்டியிருக்குமாம்: சின்னவர்களின் ஹொக்கி எத்தனை மணிக்கு, சறுக்கு நடனம் எத்தனை மணிக்கு, முதியவர்களின் கர்லிங் (ஐஸ் மேல் கல்லைச் சறுக்கவிடும் ஆட்டம்) எத்தனை மணிக்கு. அந்தத் தாளில் தங்கள் பெயர் இருப்பதால்தான் ஊரில் எல்லோரும் முறைவைத்து அங்கே வேலை செய்ய வருகிறார்கள் என்றார்.

காணி

கொழும்பு மாநகர எல்லைக்குள் வெறுங்காணி கிடைப்பது அரிது. ஆனால் பயன்படாத மூலைகள் உண்டு: கோயில் அல்லது தேவாலயத்துக்குச் சொந்தமான பின்காணி, தொடர்மாடிக் குடியிருப்பின் பொது நிலம், பாடசாலை மைதானத்தின் ஓரம், மாநகர சபையின் கைவிடப்பட்ட துண்டு. யாருடையது என்பதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். உறுதியையும் நில அளவைப் படத்தையும் கையில் வாங்கிப் பாருங்கள், காணிப் பதிவகத்தில் தேடுங்கள். கால்வாய்க் கரை என்றால் ஒதுக்கு நிலம், அதாவது கட்டாமல் விட வேண்டிய ஓரம், எவ்வளவு என்று கேளுங்கள். ஒதுக்கில் கட்டியதை எந்த நாளிலும் உடைக்கலாம்.

எங்களுடையது கோயில் தர்மகர்த்தா சபையின் 20 பேர்ச். வாய்மொழியாகவே தரத் தயாராக இருந்தார்கள். நாங்கள்தான் எழுத்தில் கேட்டோம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதிச் சாட்சிகளோடு ஒப்பமிடப்பட வேண்டும். வெறும் கடிதம் செல்லாது. நல்ல மனிதர்களின் சபையும் மாறும். குறைந்தது இருபது வருடத்துக்கு எழுதுங்கள். கட்டடம் யாருக்குச் சொந்தம், சபை காணியைத் திரும்பக் கேட்டால் என்ன நட்டஈடு, திருவிழா நாட்களில் சபைக்கு எத்தனை நாள் என்பதையும் அதே பத்திரத்தில் சேருங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்

ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 25.3 சதுர மீற்றர். கரப்பந்துத் திடல் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். சுற்றிலும் குறைந்தது 3 மீற்றர் வெற்றிடம் வேண்டும்; ஆக 24 க்கு 15, அது 14 பேர்ச்சுக்குச் சற்று மேல். தூண்களையும் வடிகானையும் வெளியே வைத்தால் 16 பேர்ச். இரட்டையர் பூப்பந்துத் திடல் 13.4 க்கு 6.1 மீற்றர், அது கரப்பந்து இடத்துக்குள் தாராளமாக அடங்கும். வலைப்பந்துத் திடல் பெரியது: 30.5 க்கு 15.25 மீற்றர். சுற்று வெற்றிடத்தோடு 30 பேர்ச் கேட்கும்.

எங்களிடம் 30 பேர்ச் இல்லை. பெண் பிள்ளைகள் கேட்டதோ வலைப்பந்து. இலங்கைப் பெண்கள் 2009, 2018, 2022 என்று ஆசியப் பட்டத்தை வென்ற விளையாட்டு அது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2019 உலகக் கிண்ணத்தில் எல்லோரையும் விட அதிக கோல் போட்டபோது எங்கள் ஒழுங்கையில் எட்டு வயதுப் பிள்ளைகூட அவருடைய பெயரைச் சொன்னது. ஆகவே ஒரு வழி கண்டோம். வலைப்பந்துத் திடல் மூன்று பகுதிகளாகப் பிரிந்தது. கோல் வட்டம் 4.9 மீற்றர் ஆரையுள்ள அரைவட்டம். 24 க்கு 15 இடத்தில் முழு ஆட்டம் ஆட முடியாது, ஆனால் ஒரு முனையில் கோல் பகுதியை ஏறத்தாழ முழு அளவில் வரையலாம். எறிதல், தடுத்தல், வட்டத்துக்குள் பந்து கொடுத்தல் அனைத்தையும் அங்கே பழகலாம். முழு ஆட்டத்துக்கு மாதம் ஒருமுறை பாடசாலை மைதானம் கேட்டு வாங்குகிறோம்.

அடிப்படை அளவாகக் கரப்பந்தை எடுப்பதே புத்தி. 1916 இல் கொழும்பு வை.எம்.சீ.ஏ. வழியாக இந்த நாட்டுக்கு வந்த விளையாட்டு, 1991 இல் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. எந்த உத்தியோகத்தரிடம் போனாலும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆடுகளத்தை வடக்குத் தெற்காக நீட்டி வையுங்கள். கிழக்கு மேற்காக வைத்தால் பின்னேரம் ஒரு பக்கத்து அணிக்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்.

சங்கமும் காசும்

விளையாட்டுக் கழகமாகப் பதியுங்கள். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார். 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் எப்படிப் பதிவது என்று அவர் வழிகாட்டுவார். மாநகர எல்லைக்குள் இரண்டு பிரதேச செயலகங்கள் உண்டு, கொழும்பும் திம்பிரிகஸ்யாயவும். உங்கள் வட்டாரம் எதில் என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வங்கிக் கணக்கு கழகத்தின் பெயரில், மூவரில் இருவர் ஒப்பமிட்டால்தான் காசு எடுக்கலாம் என்று இருக்க வேண்டும். அந்த மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது.

காசு சேர்க்கும்போது மொத்தத் தொகையைச் சொல்லிக் கேட்காதீர்கள். பெரிய தொகையைக் கேட்டால் ஏழை வீடு வெட்கப்பட்டு ஒதுங்கும். 24 க்கு 15 மீற்றர் தளம் 3,875 சதுர அடி. ஒரு பெரிய தாளில் அத்தனை கட்டம் போட்டு மடத்துச் சுவரில் தொங்கவிட்டோம். ஒரு சதுர அடியின் விலையைக் கொடுத்தவர் ஒரு கட்டத்தில் தம் பெயரை எழுதலாம். கொடுக்க வசதி இல்லாதவர் ஒரு நாள் சிரமதானத்துக்கு வந்தால் அவருக்கும் ஒரு கட்டம். வெளிநாட்டிலிருந்து பெரிய தொகை அனுப்பிய ஒருவர் வாசலில் தம் தகப்பனாரின் பெயர் பொறிக்கக் கேட்டார். பணிவோடு மறுத்து, அவருக்கு உரிய கட்டங்களில் தகப்பனாரின் பெயரை எழுதச் சொன்னோம். கொஞ்ச நாள் மனத்தாங்கல் இருந்தது. பிறகு விடுமுறைக்கு வந்தவர் அந்தத் தாளின் முன் நெடுநேரம் நின்று, தன்னோடு படித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினார்.

பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் இலக்கம் அச்சிட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் வரவு செலவைக் கையால் எழுதி அறிவித்தல் பலகையில் குத்தினேன், ஐம்பது ரூபா தேநீர்ச் செலவு வரை. 2022 நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் கைக்கு எட்டாத விலைக்குப் போனபோது பதினொரு மாதம் வேலை நின்றது. அந்த மாதங்களிலும் பலகையில் கணக்கு இருந்தது: வரவு இல்லை, செலவு இல்லை, மீதி இவ்வளவு. ஒருவரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. இன்னொன்று, மதிப்பீட்டை ரூபாயில் மட்டும் வைத்திருக்காதீர்கள். மூட்டையிலும் கியூபிலும் எழுதி வையுங்கள். விலை மாறும், அளவு மாறாது.

அனுமதி

இதில் குறுக்குவழி தேடவே கூடாது. கூரை போடுவதாக இருந்தால் அது கட்டடம். மாநகர சபையின் திட்ட அனுமதி வேண்டும், நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளுக்கு வரைபடம் பொருந்த வேண்டும். வீதிக் கோட்டுச் சான்றிதழை முதலில் எடுங்கள். தெரு அகலிக்கப்பட்டால் எதுவரை போகும் என்று அதில்தான் தெரியும். பட்டயப் பொறியியலாளர் ஒருவர் அமைப்பு வரைபடத்தில் ஒப்பமிட வேண்டும். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்து மொறட்டுவையில் படித்த ஒரு தம்பி அதைக் கட்டணமின்றிச் செய்து தந்தார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், கேளுங்கள்.

மண்ணும் நீரும்

வட கொழும்பில் கட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். களனி கங்கையின் கீழ்ப் பகுதியில் பல இடங்கள் முன்பு சதுப்பு. மேலே குப்பையும் கிறவலும் கொட்டி நிரப்பியவை. மேலே நின்று பார்த்தால் உறுதியான தரைபோல இருக்கும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஆளின் நெஞ்சளவுக்குக் குழி வெட்டிப் பாருங்கள். எங்கள் மேற்கு மூலையில் மூன்றரை அடியில் மண்வெட்டி சட்டென்று இலகுவாக இறங்கியது. மேலே வந்த மண் கறுப்பு. கையில் பிழிந்தால் கடற்பஞ்சுபோல் நீர் விட்டது, அழுகிய இலை மணம். அது கரி மண். அதன் மேல் எவ்வளவு நல்ல கொங்கிறீட் போட்டாலும் சில வருடங்களில் அமிழ்ந்து தளம் வெடிக்கும். அந்த மூலையில் அது கிடந்த அளவு முழுவதையும் அள்ளி எடுத்து, கிறவலை ஆறு அங்குலப் படைகளாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் நனைத்து அமுக்கு இயந்திரத்தால் அமுக்கினோம். இரண்டு அடியை ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் அமுக்கினால் அடியில் இருப்பது இறுகாமலே இருக்கும். கரி மண் காணி முழுவதும் பரவியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அது ஊர்க் காசுக்கு அடங்காத வேலை.

அடுத்தது நீர். கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மே மாதமும் ஒக்டோபர், நவம்பரும் மோசம். 400 சதுர மீற்றர் கூரையில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 40,000 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கி நாற்பது. அவ்வளவு நீரும் எங்கே போகும் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் குசினிக்குள் போனால் ஊர் இரண்டாகும். நாங்கள் தளத்தின் நீண்ட பக்கத்தில் திறந்த வடிகான் வெட்டி, மேலே எடுக்கக்கூடிய இரும்புச் சட்டம் போட்டு, மாநகர சபையின் கானோடு அனுமதி பெற்று இணைத்தோம். மூடிய குழாய் வேண்டாம். அடைத்தால் எங்கே அடைத்தது என்று தெரியாது. தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017 இல் நாடெங்கும் 1,86,000 க்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டபோது எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார். பிள்ளைகள் ஆடும் இடம் அவர்களுக்கு நோய் தரும் இடமாகக் கூடாது.

தளம்

தடிப்பு 100 மில்லிமீற்றர், அடியில் தடித்த பொலித்தீன், நடுவில் கம்பி வலை. 360 சதுர மீற்றருக்கு 36 கன மீற்றர் கொங்கிறீட். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு மெட்டல் (உடைத்த கல்) என்ற 1:2:4 கலவையென்றால் ஏறத்தாழ 230 மூட்டை சீமெந்து, 6 கியூப் மணல், 11 முதல் 12 கியூப் முக்கால் அங்குல மெட்டல். உங்கள் மண்ணுக்கு எந்தக் கலவை, எந்தத் தடிப்பு என்பதைப் பொறியியலாளர் முடிவு செய்யட்டும். நான் தருவது விலை விசாரிக்கப் போதுமான கணக்கு.

கலவை லொறி எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாது. அதனால் தளத்தை 24 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் கொண்ட ஐந்து பட்டைகளாகப் பிரித்து, ஞாயிறுக்கு ஒன்றாகப் போட்டோம். முதலில் ஒன்று, மூன்று, ஐந்து. அவை இறுகிய பின் இடையில் உள்ள இரண்டும் நான்கும். ஒரு பட்டைக்கு 46 மூட்டை. இது ஊர் ஆட்களால் ஒரு காலைப் பொழுதில் செய்து முடிக்கக்கூடிய அளவு.

முதல் ஞாயிறு இன்னும் கண்ணில் நிற்கிறது. விடிய நாலரைக்கு மிக்சர் ஓடத் தொடங்கியது. மெட்டல் குவியலிலிருந்து மிக்சர் வரை பெண்கள் வரிசையாக நின்று தாச்சி மாற்றினார்கள். துறைமுகத்தில் பாரம் தூக்கும் அண்ணன்மார் தள்ளுவண்டியைப் பலகை மேல் ஓட்டினார்கள். வண்டி சரியும்போதெல்லாம் "பிடி, பிடி" என்று ஐந்து பேர் பாய்ந்தார்கள். மேசன் முழங்காலில் இருந்து மட்டப்பலகையை இழுக்க, அவருக்கு முன்னால் ஈரக் கொங்கிறீட் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. எட்டரைக்குப் பாணும் பருப்பும் சம்பலும் வந்தன. கை கழுவ நேரமில்லாமல் சிலருக்குப் பெண்கள் ஊட்டிவிட்டார்கள். பத்தேமுக்காலுக்குக் கடைசித் தாச்சி.

மூன்று விடயங்களில் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, கலவையில் நீரைக் கூட்டாதீர்கள். களைத்த ஆட்கள் இளகலாக இருந்தால் இழுக்கச் சுகம் என்று கேட்பார்கள். கூட்டிய ஒவ்வொரு வாளியும் தளத்தின் பலத்தைக் குறைக்கும். இரண்டு, மறுநாளே 3 மீற்றருக்கு ஒன்றாகக் குறுக்கே 25 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டுக்கோடு போடுங்கள். கொங்கிறீட் சுருங்கும்போது வெடிக்கத்தான் செய்யும். வெட்டுப் போட்டால் நாம் சொன்ன இடத்தில் வெடிக்கும். மூன்று, ஏழு நாளாவது ஈரம் காயவிடாதீர்கள். பழைய சாக்குகளை விரித்து, பாடசாலைப் பிள்ளைகள் முறை போட்டுக் காலை, மதியம், மாலை நீர் ஊற்றினார்கள். 28 நாள் வரை பாரமான எதையும் தளத்தின் மேல் வைக்கவில்லை.

மேற்பரப்பைக் கண்ணாடிபோல் மினுக்கச் சொல்லாதீர்கள். மழைத்தூறல் பட்டால் வழுக்கும். பலகையால் தேய்த்த சற்றுச் சொரசொரப்பான முடிப்பே நல்லது. திறந்த தளத்தில் நீர் வடிய மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் சரிவைக் கரப்பந்து விதிகளே அனுமதிக்கின்றன. எங்கள் 15 மீற்றர் அகலத்தில் அது 75 மில்லிமீற்றர். பட்டைக்குப் பட்டை 15 மில்லிமீற்றர் இறக்கம்.

சரிவு சரியா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. தளம் முழுவதும் நீர் ஊற்றி, வெயிலில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிறகு நீர் தேங்கிய இடத்தில் 2 ரூபா நாணயத்தைப் படுக்க வையுங்கள். நாணயம் மூழ்கினால் அந்தப் பள்ளத்தை நிரப்பியே ஆக வேண்டும். நாணயத்தோடு தளமெங்கும் தவழ்ந்து திரிந்தவள், அன்று கூட்டத்தில் பாட்டி சொன்ன அந்தப் பேத்திதான். ஏழு இடத்தில் சோக்கால் வட்டம் போட்டாள்.

கூரை: எங்கள் பெரிய பிழை

தளம் முதலில், கூரை காசு சேர்ந்த பின் என்று தீர்மானித்தது சரி. தூண் அத்திவாரத்தையும் பிறகு பார்க்கலாம் என்று விட்டதுதான் பிழை. வேலையை மேற்பார்வை செய்த ஒப்பந்தக்காரர் அப்படிச் சொன்னார். நாங்களும் பொறியியலாளரிடம் திரும்பக் கேட்காமல் தலையாட்டினோம். மூன்றாம் வருடம் கூரைக்குக் காசு வந்தபோது ஊரே சேர்ந்து போட்ட தளத்தின் ஓரத்தை 14 இடத்தில் உடைக்க வேண்டி வந்தது. தோண்டியபோது அடுத்திருந்த சதுரங்களும் வெடித்தன. அந்த இயந்திரச் சத்தம் கேட்டு அழுத பெண்களை எனக்குத் தெரியும். ஆகவே கூரை பத்து வருடம் கழித்து வந்தாலும் சரி, தூண்களின் அத்திவாரத்தைத் தளத்துக்கு முன் போட்டு, திருகாணிகளை மேலே நீட்டி, கிறீஸ் பூசி மூடி வைத்துவிடுங்கள்.

பக்கம் திறந்த கொட்டகையைக் காற்று உள்ளே புகுந்து மேலே தூக்கப் பார்க்கும். அத்திவாரம் கூரையின் பாரத்தைத் தாங்கினால் மட்டும் போதாது, அது பறக்காமல் இழுத்தும் பிடிக்க வேண்டும். இந்தக் கணக்கை மேசனிடம் விடாதீர்கள். கரப்பந்துக்குத் தரையிலிருந்து 7 மீற்றர் தடையற்ற உயரம் வேண்டும். குறுக்குச் சட்டத்தின் அடிவரை அளக்கும் உயரம் அது, கூரைத் தகடு வரை அல்ல.

கடல் எங்களுக்கு நடந்து போகும் தூரம். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு சில வருடத்தில் பொரிந்து உதிரும். துத்தநாகம் பூசிய குழாய்களையே வாங்கினோம். ஒட்டிய இடங்கள் ஒவ்வொன்றையும் துலக்கி எபொக்சி பூச்சு இரண்டு முறை அடித்தோம். திருகாணிகளைப் பழைய சோனகத் தெருவில் கடை கடையாக ஏறி வாங்கினோம். தகரத்தின் அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்புப் போடுங்கள், இல்லாவிட்டால் மழைச் சத்தத்தில் பயிற்றுநர் சொல்வது கேட்காது. குறுக்குச் சட்டங்களுக்குக் கீழே வலை கட்ட மறக்காதீர்கள். காகமும் புறாவும் முதல் வாரமே குடிவந்துவிடும், எச்சம் விழுந்த தளம் வழுக்கும்.

விளக்கு, கம்பம், கோடு

விளக்குகளை ஆடுகளத்துக்கு நேர் மேலே தொங்கவிடாதீர்கள். பூப்பந்தை அண்ணாந்து பார்க்கும் பிள்ளையின் கண் கூசும். இரு நீண்ட பக்கங்களிலும் உயரத்தில் வைத்து உள்ளே சரியுங்கள். ஊர் ஆட்டத்துக்கு 300 லக்ஸ் வெளிச்சம் போதும். தனி மின்மானி எடுங்கள், புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம். ஈரக் காலோடு பிள்ளைகள் தொடும் இடம் அது.

கரப்பந்துக் கம்பங்களுக்குத் தளத்தில் உறைக்குழாய் பதித்து மூடி போடுங்கள், தேவையானபோது கம்பத்தை இறக்கி எடுக்கலாம். பக்கக் கோட்டிலிருந்து அரை முதல் ஒரு மீற்றர் வெளியே. கம்பத்தை நிறுத்த இழுகம்பி கட்டுவது விதிக்கு மாறு, ஆபத்தும் கூட. வலை ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24. பூப்பந்து வலை நடுவில் 1.524 மீற்றர். வலைப்பந்து வளையம் 3.05 மீற்றரில், பின்பலகை இல்லாமல். மூன்று விளையாட்டுக்கும் மூன்று நிறக் கோடு.

மரத் தளம் வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். கொழும்பின் ஈரக்காற்றில், பக்கம் திறந்த கொட்டகையில் அது நிலைக்காது. கொங்கிறீட் மேல் அக்ரிலிக் பூச்சும், பூப்பந்துக்கு மட்டும் சுருட்டி எடுக்கும் விரிப்பும் போதும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் விரிப்பில்தான் ஆட வேண்டும். மேற்குப் பக்கம் மூன்றடிச் சுவர் எழுப்பி, மேலே தார்ப்பாய்த் திரை கட்டினோம்; தென்மேற்குப் பருவக்காற்றில் அதை இறக்காவிட்டால் பூப்பந்து ஆட முடியாது.

நடத்துவது

கூரை ஏறிய மறு வாரமே கலியாண வீட்டுக்குக் கேட்டு வந்தார்கள். வருமானம் தேவை, மறுக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கொடுத்தால் ஐம்பது வரும். வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் என்று எல்லை வைத்தோம். செவ்வாய், வியாழன், சனி மாலைகளை எந்தக் காரணத்துக்கும் கொடுப்பதில்லை. ஊரில் மரணம் நடந்தால் மட்டும் நாற்காலிக்கு இடம் தருவோம். பிள்ளைகளே வந்து அடுக்குவார்கள். தளத்தில் ஆணி அடிப்பதும் பந்தல்கால் நடுவதும் கூடாது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதச் சந்தா உண்டு. கட்ட முடியாத வீட்டுக்கு நிர்வாகக் குழு ஓசையில்லாமல் சந்தாவிலிருந்து விலக்குக் கொடுக்கும், பெயரைப் பலகையில் போடாது. மின்கட்டணம், விளக்கு மாற்றல், பூச்சு என்று மூன்றுக்கும் தனித்தனி ஒதுக்கீடு. ஏப்ரல் கடைசி ஞாயிறும் செப்டம்பர் கடைசி ஞாயிறும் பீலியும் வடிகானும் துப்புரவு செய்யும் நாள். தளத்தின் ஓரத்தில் பாசி தெரிந்தால் அன்றே தேய்க்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கூரை இரும்பை ஏறிப் பார்த்து, துரு தெரிந்த இடத்தைத் துலக்கிப் பூசுங்கள்.

திறப்பு மூன்று இருக்க வேண்டும். ஒன்று கோயில் மடத்தில், ஒன்று முனைத் தேநீர்க் கடையில், மூன்றாவது பெண்கள் அணித் தலைவியிடம். செவ்வாய் பின்னேரம் நாலரைக்குக் கதவைத் திறந்து, சுவரில் உள்ள அட்டவணையில் தன் அணியின் கட்டத்துக்கு எதிரே அவள்தான் ஒப்பமிட வேண்டும்.